ஒருத்தியாய்க் கரையேறியவர்கள்

சயோகோ விஷயத்துக்கு வர வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். காபி குடித்தாள். பெருமாள்புரத்தில் புதிதாக முளைத்திருக்கும் வீடுகளைப் பற்றி விசாரித்தாள். கல்லூரிக்கு இன்னும் அதே டவுன் பஸ்ஸில்தான் போகிறீர்களா என்று கேட்டாள். ஆனி மாதத்துக் காற்று குற்றாலத்துப் பக்கமிருந்து ஈரத்தை அள்ளிவந்து ஜன்னல் திரையை ஊதிப் பெரிதாக்கும். பிறகு தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல பைய இறக்கிவைக்கும். விஜயஸ்ரீ திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"அக்கா, படத்துல ஒரு பொண்ணுதான் வாரா," என்றாள் சயோகோ கடைசியில். "கோமதி, வடிவுன்னு ரெண்டு பேரு இல்ல. ஒருத்திதான்."

"யாரை எடுத்துட்டாங்க?"

"யாரையும் எடுக்கல. சேத்துட்டாங்க."

எண்பதுகளில் தமிழ் படிக்க வந்து பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தவள் சயோகோ. கீழ்வீட்டுப் பெண்களிடமிருந்து பேச்சைக் கற்றுக்கொண்டதால் இப்போதும் வாய் திறந்தால் 'செய்யுதேன்', 'போகுதேன்' என்றுதான் வரும். விஜயஸ்ரீ எழுதிய ஒரே நாவலான 'கொக்குத்துறை'யை அவள்தான் ஜப்பானிய மொழியில் பெயர்த்தாள். புத்தகம் அங்கே அதிகம் விற்கவில்லை. ஆனால் வாங்கியவர்களில் ஒருவர் படம் எடுப்பவராக இருந்தார். ஆட்களை நடிக்கவைத்து எடுக்கிற படம் அல்ல, வரைந்து வரைந்து ஓடவிடுகிற படம். அதை அனிமே என்றாள் சயோகோ. கல்லூரியில் விஜயஸ்ரீ சொன்னபோது, "கார்ட்டூனா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் பிள்ளைகள் பார்க்கிற சமாசாரத்துக்குள் தன் கதை எப்படிப் போய் உட்காரும் என்று அவளுக்கும் புரியவில்லை.

நாவலில் ஆற்றங்கரை வீட்டில் இரண்டு சகோதரிகள். மூத்தவள் கோமதி கல்மண்டபத்தின் மேலிருந்து ஆற்றில் குதிப்பாள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பாள். இளையவள் வடிவுக்குத் தண்ணீர் என்றால் பயம். படியில் உட்கார்ந்து அக்காவின் துணிகளைக் காவல் காப்பாள். மலையில் மழை பெய்து கீழே வெயிலடித்த ஒரு நாள், ஆறு சொல்லாமல் ஏறியது. கோமதி அதோடு போனாள். மிச்ச நாவல் முழுக்க வடிவு வளர்ந்த கதை.

கதையை வாசித்த திருநெல்வேலிக்காரர்கள் யாரும் இது யார் என்று கேட்கவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் குறுக்குத்துறையில் தாசில்தார் மகேஸ்வரனின் மூத்த மகள் அனுராதா போனது பலருக்கும் தெரிந்த செய்தி. அனுராதாவுக்கு அப்போது பதினொரு வயது. படியில் உட்கார்ந்திருந்த விஜயஸ்ரீக்கு ஒன்பது.

"அது முடியாது," என்றாள் விஜயஸ்ரீ. "கோமதி போனதாலதான் வடிவுக்குக் கதையே. ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டா ஆத்துல போறது யாரு?"

"யாரும் போகமாட்டாங்க அக்கா. விழுவா. ஏறி வந்துருவா."

பக்கத்து அறையில் செய்தித்தாள் மடிக்கிற சத்தம் கேட்டது. அப்பா உள்ளேதான் இருந்தார். அந்த வீட்டில் அவர் இருப்பது அப்படிப்பட்ட சத்தங்களால்தான் தெரியும்: தாள் மடிக்கிற சத்தம், செருப்பு மாட்டுகிற சத்தம், கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம். அன்றைக்குப் பிறகு அவர் ஆற்றுப் பக்கம் போனதில்லை. அனுராதா என்ற பெயரை உச்சரித்ததும் இல்லை. அம்மா பார்வதியம்மாள் சாகும்வரை தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றினாள். அவர் அந்த நேரம் வாசலுக்குப் போய்விடுவார். ஆனாலும் விஜயஸ்ரீயை அவர் கூப்பிடுவது இப்போதும் 'சின்னவளே' என்றுதான். பெரியவள் இல்லாத வீட்டில் நாற்பது வயதுக்கு மேலும் அவள் சின்னவளாகவே இருந்தாள். புத்தகம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவர் மேஜைமேல் வைத்தாள். சில நாள் அங்கேயே கிடந்தது. பிறகு அலமாரிக்குப் போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த உலகத்தில் அனுராதா இருக்கிற இடம் அந்தப் புத்தகம் ஒன்றுதான். அங்கிருந்தும் அவளைக் கிளப்பச் சொல்கிறார்கள் என்று விஜயஸ்ரீக்குத் தோன்றியது. சயோகோவிடம் அதைச் சொல்லத் தெரியாமல், "யோசிச்சுச் சொல்லுதேன்," என்றாள்.

மறுநாள் ரயிலில் தமுரா வந்து இறங்கினார். படத்துக்கு ஆறும் மரமும் வானமும் வரையப்போகிறவர். அறுபது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, கழுத்தில் ஒரு பூத்துவாலை, தோளில் சாயப்பெட்டி. தமிழில் அவருக்கு 'ஆறு' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்திருந்தது. அதை வைத்தே எல்லாரிடமும் பேசினார். விருந்தாளிகளை விட்டுவிட முடியாமல் விஜயஸ்ரீ கல்லூரிக்கு லீவு போட்டுக் கூடவே போனாள்.

பாபநாசத்தில் அருவியின் புகைக்குள் உட்கார்ந்து வரைந்தார். காகிதமெல்லாம் நனைந்து, வரைந்த பச்சை வழிந்து ஓடியது. அதையே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சீவலப்பேரிக்கு டவுன் பஸ்ஸில் போனார்கள். சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழுகிற இடம். கலங்கிய தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் கொஞ்சதூரம் ஒன்றையொன்று தொடாமல், கூச்சப்படுகிற புதுச் சொந்தக்காரர்கள்போலப் பக்கத்தில் பக்கத்தில் போயின. தமுரா கரையோடு நடந்து, எந்த இடத்தில் அவை ஒன்றாகின்றன என்று தேடினார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மருதமரம்வரை இரண்டு நிறமாகத் தெரிந்தது. மரத்தைத் தாண்டிப் பார்த்தால் ஒரே நிறம். திரும்பி வந்து பார்த்தால் மரத்துக்கு முன்பே ஒரே நிறமாகிவிட்டது போலவும் இருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு சயோகோவிடம் ஏதோ சொன்னார்.

"இதை வரைய முடியாதுன்னு சொல்லுதாரு," என்றாள் சயோகோ.

கடைசியாகக் குறுக்குத்துறை. ஆற்றுக்கு நடுவே முருகன் கோயில் முழங்கால்வரை தண்ணீரில் நின்றது. மண்டபத்துக் கல்லில் பாசி, வெயிலில் பழைய வெல்வெட்டுத் துணிபோல மினுங்கியது. விஜயஸ்ரீ படியில் உட்கார்ந்தாள். தமுரா கேட்கக் கேட்க, சயோகோ தமிழில் சொன்னாள். அந்தப் பெண் எந்தப் படியில் உட்காருவாள்? செருப்பை எங்கே விடுவாள்? தண்ணீரில் முதலில் எந்தக் காலை வைப்பாள்? விஜயஸ்ரீ நாவலில் இருந்ததைச் சொன்னாள்.

"கல்லு எறிஞ்சா எந்தக் கையால எறிவா?"

"இடது கையால," என்று சொல்லிவிட்டுத்தான் திகைத்தாள். நாவலில் கோமதிக்கு இடதுகைப் பழக்கம் கிடையாது. அனுராதாவுக்குத்தான் இருந்தது. சாப்பிடும்போது அம்மா அந்தக் கையைத் துண்டால் முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவாள். கட்டு அவிழ்ந்ததும் அந்தக் கை தனியாகச் சிரிப்பதுபோல ஆட்டிக் காட்டுவாள் அனுராதா. எழுதும்போது எப்படி இது விட்டுப்போனது? ஒன்று நினைவுக்கு வந்ததும் அடுத்ததும் வந்தது. மேல்வரிசைப் பல்லில் ஓர் இடைவெளி. அதன் வழியே தண்ணீரைப் பீய்ச்சித் தங்கச்சியின் முகத்தில் அடிப்பாள். ஓடும்போது பாவாடையை இரண்டு கையாலும் பிடிக்காமல், பல்லால் நுனியைக் கவ்விக்கொண்டு ஓடுவாள். விஜயஸ்ரீ சொல்லிக்கொண்டே இருந்தாள். சயோகோ ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாள். தமுரா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் பார்த்தது ஆற்றை அல்ல, விஜயஸ்ரீயை. அவள் கால்விரல்களைத் தண்ணீரில் படாமல் உள்ளே மடக்கிக்கொள்வதையும், பேச்சு தொண்டையில் நிற்கும்போது ஒரு காலால் மறுகாலைத் தேய்ப்பதையும் பார்த்தார்.

பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார்.

படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கண் திருநெல்வேலியில் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. முகத்தில் பாதி கண்ணாகவே இருந்தது. பல்லுக்கு நடுவே இடைவெளி. இடது கையில் எறிவதற்கு ஒரு கல். கால்விரல்கள் மட்டும் தண்ணீருக்குப் பயந்து மடங்கியிருந்தன. இப்படி ஒரு முகத்தை விஜயஸ்ரீ எங்கும் பார்த்ததில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க, கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்புகிறவள் நிலைமை அவளுக்கு வந்தது. மீன்குஞ்சுகள் படியோரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. எங்கேயோ துணி துவைக்கிற சத்தம், அடித்த பிறகு கொஞ்சம் பொறுத்து வந்து சேர்ந்தது.

"ரிப்பனை இப்படிக் கட்டமாட்டாங்க," என்றாள் விஜயஸ்ரீ. "ஜடையை மடிச்சு, காதுக்குப் பின்னால கட்டணும்."

சயோகோ அதைச் சொன்னாள். தமுரா ரப்பரை எடுத்து அழித்து, திருத்தி வரைந்தார். அதற்குமேல் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதத்தில், சயோகோவிடமிருந்து படத்தின் வீடியோ கேசட் வந்தது. கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் டெக்கை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தாள் விஜயஸ்ரீ. திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் உருண்டன. கோடுகளுக்கு அப்பால் யாரோ பேசினார்கள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே ஒரு பிள்ளை அடைபட்டுக் கிடப்பதுபோல இருந்ததால் உடனே நிறுத்திவிட்டாள்.

மேலப்பாளையத்தில் முகம்மது இப்ராஹிம் என்பவர் வீடியோ கடை வைத்திருந்தார். கேசட்டைக் கையில் வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஜப்பான் கேசட்டு நம்ம ஊரு டெக்குல ஓடாது டீச்சர். அவங்க முறை வேற. நான் சவுதியில இருந்து வரும்போது எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுத மாதிரி ஒண்ணு கொண்டாந்தேன். டி.வி.யும் அதுக்குத் தோதா அங்கன வாங்கினதுதான். ரெண்டும் வீட்ல இருக்கு. நாளைக்கு வாங்களேன், குடும்பத்தோட உக்காந்து பாப்போம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது, அப்பாவிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். மறுநாள் அவள் கிளம்பி வாசலுக்கு வந்தால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு, அவர் குடையுடன் நின்றிருந்தார்.

"நானும் வாரேன், சின்னவளே," என்றார்.

 ஆட்டோவில் குடையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, எழுபத்தாறு வயதிலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார்.

இப்ராஹிமின் மனைவி சித்தி ஜனாபா முன்னறையில் பாய் விரித்து, நாற்காலி இரண்டு போட்டு, ஜன்னல்களுக்குத் துணி கட்டி வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தாள். நடுப்பகலில் அந்த அறை மட்டும் மாலையாக இருந்தது. இஞ்சித் தேநீர் வந்தது. இப்ராஹிம் கேசட்டைப் போட்டார். நிறம் வந்தது.

முதலில் ஆறு. அந்த ஆற்றைப் பார்த்ததும் விஜயஸ்ரீ நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தாள். தாமிரபரணிதான், ஆனால் தாமிரபரணி தூக்கத்தில் தன்னைத்தானே கண்டால் எப்படி இருக்குமோ அப்படி. மருதமரங்கள் இலை இலையாக வெயிலை உதிர்த்தன. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிசகியிருந்தது. வீட்டுக்கு நம்மூர்க் கூரை இல்லை. தபால்காரர் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். தட்டில் இருந்த இட்லி உருண்டையாக இருந்தது. சித்தி ஜனாபா அதைப் பார்த்து, "கொழுக்கட்டையா அது?" என்றாள். நாவலில் வருகிற முசுட்டு வண்ணாத்தி படத்தில் காணவே இல்லை. அவளுக்குப் பதில் ஒரு நீர்க்காகம் படம் முழுக்கக் கூடவே வந்தது. நாவலில் வாய் திறவாத அப்பா, இங்கே மூக்குக்கண்ணாடியும் குடையுமாக, நிற்கும் இடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். ஜப்பானிய மொழி. எழுத்தும் கீழே ஓடவில்லை. ஒரு வார்த்தை புரியாமல் எல்லாரும் பார்த்தார்கள்.

அப்புறம் அவள் வந்தாள். பாவாடை நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு ஓடிவந்தாள்.

பக்கத்து நாற்காலியில் குடை கீழே விழுந்தது. இப்ராஹிம் எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தார். அப்பா கவனிக்கவில்லை.

அந்தச் சிறுமி மண்டபத்தின்மேல் ஏறினாள், குதிக்கப் போகிறவள்போல நின்றாள், பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் கல்லை எறிந்து நீர்க்காகத்தை வம்புக்கு இழுத்தாள்; அது பதிலுக்குப் பறந்துவந்ததும் ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். அனுராதா ஆரம்பித்த காரியத்தையெல்லாம் விஜயஸ்ரீ முடித்தாள். விஜயஸ்ரீ தயங்கிய இடத்திலெல்லாம் அனுராதா பிடித்துத் தள்ளினாள். எது யார் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்த விஜயஸ்ரீக்கு, கொஞ்ச நேரத்தில் கணக்கு தப்பிப்போனது.

மலைமேல் மேகம் கறுத்தது. கீழே வெயில். விஜயஸ்ரீ நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த இடம் வரும் என்று தெரியும். ஆறு ஏறியது. சிறுமி வழுக்கி விழுந்தாள்.

சத்தமெல்லாம் நின்றுபோனது. திரை முழுக்கப் பச்சை. அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். ரிப்பன் அவிழ்ந்து தனியே நீந்திப்போனது. மீன்கள் விலகி வழிவிட்டன. மேலே வெயில் ஒரு வெள்ளித் தட்டுபோல ஆடி ஆடிச் சின்னதானது. நாவலில் இந்த இடம் வெறும் மூன்று வரி. அதற்குமேல் எழுத விஜயஸ்ரீக்குத் தெம்பு இருக்கவில்லை. இவர்கள், முன்பின் தெரியாத யாரோ, தண்ணீருக்குள்ளேயே இறங்கி அந்தப் பிள்ளையோடு கூடவே போயிருந்தார்கள். அங்கே அவள் தனியாக இருக்கவில்லை என்பது விஜயஸ்ரீயின் நெஞ்சில் எதையோ தளர்த்தியது. சிறுமியின் கால் எதன்மீதோ பட்டது. ஒரு கல்படி. படித்துறையின் படிகள் ஆற்றுக்கு அடியிலும் இறங்கிப் போயிருந்தன. அவள் அதில் நின்றாள். அடுத்த படியில் காலை வைத்தாள். ஒவ்வொரு படியாக, மாடியேறுகிற பிள்ளைபோல, தண்ணீருக்குள் ஏறினாள்.

"ஏறிட்டாளா?"

அப்பா கண்களை இறுக மூடியிருந்தார்.

"ஏறிட்டாப்பா. கண்ணைத் திறந்து பாருங்க."

படியில் அவள் நனைந்து கிடந்து இருமினாள். படத்தின் அப்பா குடையை எறிந்துவிட்டு ஓடிவந்தார்; வழுக்கி விழுந்தார்; எழுந்து வந்து அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு பேசினார், பேசினார், அப்படிப் பேசினார்.

மகேஸ்வரன் வெகுநேரம் பார்த்தார். "இது யாரு?" என்று கேட்டார். "பெரியவளா, சின்னவளா?"

"ரெண்டு பேருந்தாம்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். "சங்கரன்கோயில்ல நிக்கலையா அப்படி," என்றார். அரனும் அரியும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாக நிற்பதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு, யாரையும் கூப்பிடாமல், தேநீர் நல்லா இருக்கு என்று சொல்வதுபோல, "அனுராதா," என்றார்.

முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த அந்தப் பெயரை, என்னவென்று தெரியாமலே சித்தி ஜனாபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"அவன் என்ன சொல்லுதான் இவ்வளவு நேரமா?" என்றார் அப்பா, திரையைக் காட்டி.

"தெரியலியேப்பா. சயோகோவுக்குத்தான் தெரியும்."

"போன பிள்ளை கிடைச்சிட்டுல்லா," என்றாள் சித்தி ஜனாபா. "பேசத்தானே செய்வாரு."

படம் அதோடு முடியவில்லை. சிறுமி வளர்ந்தாள். கடைசியில் ஒரு கல்லூரி வகுப்பு. சேலை கட்டிய ஒரு நடுவயதுப் பெண் கரும்பலகையில் ஓர் இலையை வரைந்தாள், நரம்பு நரம்பாக, இடது கையால். விஜயஸ்ரீ தாவரவியல் நடத்துகிறவள். அந்த வகுப்பு அவளுடையது. சேலைக் கட்டும் அவளுடையது. கை மட்டும் அவளுடையது அல்ல. இத்தனை நாள் அனுராதாவைத் தொலைத்துவிடுவார்கள் என்று பயந்தோமே, தொலைந்தது நான்தானா என்று ஒரு கணம் அவளுக்கு உள்ளுக்குள் சில்லிட்டது. அனுராதாவே ஏறி வந்து, வளர்ந்து, விஜயஸ்ரீ வாழ்ந்த வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டதுபோல. கரும்பலகைக்காரி திரும்பினாள். யாரோ ஏதோ கேட்டார்கள். பதில் தெரியாமல் ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். விஜயஸ்ரீ தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

கேசட் இப்ராஹிம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வேறு எங்கும் அது ஓடப்போவதில்லை என்பதால் விஜயஸ்ரீயும் சம்மதித்தாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் ஏதோ வாங்க மேலப்பாளையம் போனவளைக் கடைவாசலில் இப்ராஹிம் பார்த்துவிட்டார்.

"வீட்டுக்குத்தான் போறீங்களா டீச்சர்? அப்பா இப்பத்தான் வந்தாங்க."

"எங்கப்பாவா?"

"தெரியாதா? வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வருவாங்களே. ஜனாபாவும் அக்கம்பக்கத்துப் பொம்பளைகளும் அவங்க வந்தாத்தான் படத்தைப் போடச் சொல்லுவாங்க. அவங்க இல்லாம பாத்தா ஒண்ணும் விளங்கலையாம்."

விஜயஸ்ரீ அந்தத் தெருவுக்குள் நடந்தாள். வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அப்பாவின் குரல். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றியவள் உள்ளே போகாமல் நின்றாள். தன்னிடம் ஒரு நாளும் வராத பேச்சு, யாரோ ஒரு வீட்டின் முன்னறையில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. முதலில் நெஞ்சைக் கசக்கியது. கேட்கக் கேட்க அது மறந்துபோனது.

டி.வி.யின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்கள். திரையில் மூக்குக்கண்ணாடி அப்பா நனைந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாயசைத்தார். மகேஸ்வரன் பேசினார்.

"என்ன சொல்லுதாருன்னா... ஏட்டி, உங்கம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஆத்துல தண்ணி கூடுதுன்னு ஆபீசுக்குத் தகவல் வந்தது. நான்தான் ஆளனுப்பி ஊரெல்லாம் சொல்லச் சொன்னேன். ஆத்தங்கரை ஆளுக அத்தனை பேரும் மேடேறிட்டாங்க. என் வீட்டுக்கு மட்டும் ஆளனுப்பத் தோணலை. நீங்க பள்ளிக்கூடம் போயிருப்பீங்கன்னுல்லா நினைச்சேன். அன்னைக்கு லீவுன்னு எனக்குத் தெரியாதுட்டி."

பாயில் இருந்த பெண்கள் யாரும் அசையவில்லை. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவர்களைப் பொறுத்தவரை அது படத்தில் வருகிற அப்பாவின் பேச்சு.

கதவைப் பிடித்தபடி விஜயஸ்ரீ நின்றாள். லீவு என்று அவருக்குத் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் இந்த ஒரு வரியை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் செய்தித்தாள் படித்தாரா, கிணற்றில் தண்ணீர் இறைத்தாரா? தன் நாவலில் அந்த அப்பாவைக் கல்நெஞ்சுக்காரராக எழுதியிருந்தாள். எப்படி எழுதாமல் இருக்க முடியும், அவர் பேசவே இல்லையே. ஜப்பானில் யாரோ, பேசாத ஆளைப் படத்தில் வைத்தால் அலுப்புத் தட்டும் என்று அவருக்கு ஒரு வாயைக் கொடுத்தார்கள். அந்த வாய் வழியாக இவர் வந்துவிட்டார்.

சித்தி ஜனாபாதான் அவளை முதலில் பார்த்தாள். "வாங்கக்கா, இங்கன உக்காருங்க," என்று பாயில் நகர்ந்து இடம்விட்டாள். அப்பா திரும்பினார். பேச்சு நின்றுவிடும் என்று விஜயஸ்ரீ பயந்தாள். அவள் ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்து, காலை மடக்கி, திரையைப் பார்த்தாள்.  பிறகு மறுபடி அவர் குரல் வந்தது.

"அதுக்கு அந்தப் பிள்ளை சொல்லுது, நீங்க நனையாதீங்க, குடையை எங்க போட்டீங்கன்னு கேக்கு..."

திரும்பும்போது, ஆட்டோக்காரரிடம் கொக்கிரகுளம் வழியாகப் போகச் சொன்னார் அப்பா. அது சுற்றுவழி. பாலத்துப் பக்கம் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இருவரும் இறங்கி நின்றார்கள். ஆற்றில் செம்மண் கலந்த தண்ணீர் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஜங்ஷனுக்குப் போகிற பஸ்களின் சத்தம். மேகத்துக்குள்ளிருந்து வெயில் எட்டிப் பார்த்து, நடு ஆற்றில் மட்டும் கொஞ்சம் மஞ்சளைக் கொட்டிவிட்டு உள்ளே போனது.

"உன் புஸ்தகத்தைப் படிச்சேன்," என்றார் அப்பா. "போன வாரம். ரொம்ப நல்லா எழுதியிருக்க."

விஜயஸ்ரீ ஆற்றையே பார்த்தாள்.

"அதுல ஒண்ணு விட்டுட்ட. உனக்குத் தெரியாது, அதான். நீ பிறந்தப்ப அவளுக்கு ரெண்டு வயசு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். உன்னைப் பாத்துட்டு, இது யாருன்னு கேட்டா. உன் தங்கச்சின்னேன். நம்பல. திரும்பி வார வழியில, தோள்ல கிடந்துக்கிட்டு, 'அப்பா, அது நான்தானே?'ன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன்னு ஞாபகமில்ல. தூங்கிட்டா."

இரண்டு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டிருக்குமா? படம் பார்த்துப் பார்த்து அவராகக் கட்டிக்கொண்டதா? விஜயஸ்ரீ அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கவேண்டாம் என்று தோன்றியது.

"வேற என்ன செய்வா?" என்றாள்.

அவர் பாலத்துக் கைப்பிடியில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, அவரும் இறங்கி வந்து ஆற்றைப் பார்த்து நின்றார்.